முதிய களிறுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் விலங்கியல் முதுகலை மாணவன். தலை, கொம்பு, தந்தம் போன்றவற்றைச் சின்னமாக எடுத்துச்செல்லப் பணம் கட்டி விலங்கைச் சுடும் டிராபி வேட்டையை எதிர்ப்பவர்கள் உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நமீபியாவில் ஒரு கருப்புக் காண்டாமிருகத்தைச் சுடும் உரிமம் 2014-இல் மூன்றரை லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது பாதுகாப்புப் பணிகளுக்கான பணம். 1977-இல் வேட்டையைத் தடைசெய்த கென்யாவிலோ விலங்குகள் குறைந்துகொண்டே வந்தன. மேலும், சுடப்படுபவை இனப்பெருக்கக் காலம் முடிந்த கிழட்டு ஆண் விலங்குகள்தானே? உபரியான ஒன்றைக் கொடுத்து ஓர் இனத்தைக் காக்க முடியும் என்றால், ஐரோப்பிய நாடுகள் வேட்டைச் சின்னங்களின் இறக்குமதியைத் தடைசெய்ய முனைவது சரியா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்தபோது தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பெர்க் காட்டு யானைகளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆகவே உங்கள் வரிகளில் ஒன்றைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. மற்றவற்றை முதலில் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

எதிர்ப்பவர்கள் உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்பது வாதமே அல்ல. ஒரு தலையைச் சுவரில் மாட்டுவதற்காகக் கண்டம் தாண்டிச் செல்பவரும் உணர்ச்சியால்தான் செல்கிறார். கென்யாவில் 1977-க்கும் 2016-க்கும் இடையே பெருவிலங்குகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரிந்தது உண்மைதான். அதே காலத்தில் அங்கே மக்கள்தொகையும் ஆடுகளும் வேலிகளும் பெருகின. தடைக்குப் பின் நடந்தது என்பதாலேயே தடையால் நடந்தது என்று எழுதுவது ஒரு முதுகலை மாணவருக்கு அழகல்ல. பணத்தைப் பொறுத்தவரை உங்களோடு பாதி தூரம் வருகிறேன். பாகிஸ்தானில் மார்க்கோர் என்னும் மலை ஆட்டின் வேட்டை உரிமத் தொகையில் 80 விழுக்காடு மலைக்கிராமங்களுக்கே செல்கிறது. அந்த ஆடுகளைக் காப்பதில் கிராமத்தாருக்கு அக்கறை வந்தது, எண்ணிக்கையும் உயர்ந்தது. இதை மறுப்பவர்களோடு எனக்கும் சண்டை உண்டு.

ஆனால் அந்தக் 'கிழட்டு' விலங்கு! எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள். எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், ஒருவரும் நின்று யோசிப்பதில்லை. இந்த வாதம் ஓரளவு பொருந்துவது நீங்கள் சொன்ன காண்டாமிருகத்துக்குத்தான். அது பெரும்பாலும் தனித்து வாழ்வது, தன் எல்லையில் பிற ஆண்களைத் தாக்கிக் கொல்லவும் கூடியது. ஆகவே இனம் பெருக்க முடியாத ஒரு முதிய ஆணை அகற்றினால் இளையவற்றுக்கு இடம் கிடைக்கும் என்று சொல்வதில் பொருள் உண்டு. அங்கே பிறந்த நியாயத்தை எடுத்துவந்து யானைக்கும் சிங்கத்துக்கும் ஒட்டுவதுதான் மோசடி.

பிலானஸ்பெர்க்கில் நடந்ததைப் பாருங்கள். க்ரூகர் தேசியப் பூங்காவில் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக யானைகளைக் கூட்டமாகச் சுட்டபோது தப்பவிடப்பட்ட குட்டிகளை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். பெரியவர்களே இல்லாத காட்டில் அவை வளர்ந்தன. ஆண் யானைக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் வரவேண்டிய மதம் இவற்றுக்குப் பதினெட்டு வயதை ஒட்டியே வந்தது, வந்த மதம் மாதக்கணக்கில் இறங்காமல் நின்றது. 1992-க்கும் 1997-க்கும் இடையே இந்த இளங்களிறுகள் நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-இல் க்ரூகரிலிருந்து ஆறு முதிய களிறுகளைக் கொண்டுவந்து விட்டார்கள், அவ்வளவுதான் செய்தார்கள். தன்னைவிடப் பெரிய களிறு மதத்தோடு எதிரே வந்து நின்றால் இளங்களிற்றின் மதம் வடிந்துவிடும். காண்டாமிருகக் கொலைகளும் நின்றுபோயின. அங்கே குற்றம் டிராபி வேட்டையுடையது அல்ல என்பதை நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் முதியவை இல்லாத காடு எப்படி இருக்கும் என்பதை அதைவிடத் தெளிவாக எந்தச் சோதனையும் காட்டியதில்லை.

அவை இனப்பெருக்கம் முடிந்தவை என்பதும் பொய். 1972 முதல் கென்யாவின் அம்போசெலியில் யானைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு தொடர்ந்து பதிவுசெய்து வருகிறார்கள். குட்டிகளுக்குத் தந்தையாவதில் அங்கே முன்னிற்பவை நாற்பதைக் கடந்த ஆண்கள். யானையின் தந்தம் வாழ்நாள் முழுவதும் வளர்வது. வேட்டைக்காரர் மிக நீண்ட தந்தத்தைத் தேடுகிறார் என்றால், அந்தத் தலைமுறையின் தந்தைகளையே தேடிச் சுடுகிறார் என்று பொருள்.

சிங்கத்திடம் இது இன்னும் கொடியது. ஒரு குடும்பத்தின் ஆண் வீழ்ந்தால் புதிதாக வரும் ஆண்கள் குட்டிகளைக் கொன்றுவிடும்; பணம் கட்டியது ஒரு சிங்கத்துக்கு, இறப்பது ஒன்றல்ல. ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவில் ஆய்வாளர்கள் அடையாளமிட்ட 62 சிங்கங்களில் ஆய்வுக்காலத்தில் 34 இறந்தன. அவற்றில் 24 வேட்டைக்காரர்களால் சுடப்பட்டவை. எல்லையோரத்து ஆண் வீழ்ந்ததும் அந்த இடத்தை நிரப்பப் பூங்காவின் உள்ளிருந்த ஆண் வெளியே வந்தது. வந்ததும் அதுவும் குறிக்குள் வந்தது. 2015-இல் உலகமே அழுத சீசில் அதே ஹ்வாங்கேயின் சிங்கம்தான். அன்று எல்லோரும் சுட்டவரைத் திட்டினார்கள், அதன் பின்னே இருந்த இந்தக் கணக்கை எத்தனை பேர் படித்தார்கள்?

கனடாவின் ஆல்பர்ட்டாவில் ராம் மலையின் பெருங்கொம்புச் செம்மறிகள் இன்னொரு சாட்சி. கொம்பு இவ்வளவு வளைந்திருந்தால் சுடலாம் என்பது அங்கே விதி. வேகமாகக் கொம்பு வளரும் கிடா இளமையிலேயே சட்டப்படி சுடத்தக்கதாகி, நன்றாக இனம் பெருக்கும் வயதை எட்டுமுன்பே செத்தது. குட்டைக் கொம்புக் கிடாக்கள் தப்பிப் பெருகின. சுமார் முப்பது ஆண்டுப் பதிவுகளை வைத்து, கொம்புகள் தலைமுறைதோறும் சிறுத்துவந்ததை 2003-இல் வெளியிட்டார்கள். ஓநாய் நொண்டியையும் நோயாளியையும் எடுக்கிறது. டிராபி வேட்டைக்காரர் எடுப்பது மந்தையின் ஆகச் சிறந்ததை. 'உபரி' என்று தலைகளை எண்ணி எழுதும் நீங்கள், எண்ணப்படுபவை எவை என்று கேட்க மறந்துவிட்டீர்கள். உங்கள் துறையில் அதைக் கேட்கத்தானே முதலில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரபலமான பக்கத்துக்கு எதிராக யோசிக்கும் துணிவு உங்களுக்கு இருக்கிறது. உங்கள் வயதில் அது பெரிய செல்வம், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இறக்குமதித் தடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லா உயிர்களுக்கும் ஒரே சட்டம் என்பதை நான் ஏற்கவில்லை. மார்க்கோர் கொம்பைத் தடுத்தால் அந்தக் கிராமங்கள்தான் இழக்கும். கூண்டில் வளர்த்து அடைப்புக்குள் விட்டுச் சுடப்படும் தென்னாப்பிரிக்கச் சிங்கத்தின் தோலையும் பெருந்தந்தக் களிற்றின் தந்தத்தையும் இன்றே தடுக்கலாம். அம்போசெலியின் யானைகளுக்கு நாட்டெல்லை தெரியாது. அவை டான்சானியாவுக்குள் நடந்துபோகும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த எல்லையோரத்தில் அவற்றைச் சுடாமல் விட்டிருந்தார்கள். 2023-இல் மீண்டும் தொடங்கினார்கள், பெருந்தந்தக் களிறுகள் வீழ்ந்தன. அம்போசெலியின் பதிவேடுகளை எடுத்துப் படித்துவிட்டு, அவற்றில் எந்தக் களிறு உபரி என்று எனக்கு எழுதுங்கள்.