பாம்பாட்டி ஒரு ஊர், சுவர் வேறு ஊர்

கேள்வி: சார், பிரெஞ்சு ஓவியர் ஜெரோமின் ‘பாம்பாட்டி’ படம் போட்டோ மாதிரியே இருக்கிறது. அப்படி ஒரு இடம் நிஜமாகவே உண்டா?

பதில்: சுவர் உண்டு. அந்த நீல டைல்ஸ் இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையைப் பார்த்து வரைந்தது. ஆனால் அந்தச் சுவரடியில் ஆயுதம் ஏந்திய ஆட்கள் சாய்ந்து உட்கார்ந்து, உடம்பில் துணியில்லாத சிறுவன் மலைப்பாம்பைச் சுற்றிக்கொண்டு நிற்பதை வேடிக்கை பார்ப்பது ஜெரோமின் கற்பனை. பாம்பாட்டி வித்தை எகிப்தின் தெருக் காட்சி. ஜெரோம் இரண்டு நாட்டுக்கும் போனவர். 1879 வாக்கில் பாரிஸில் உட்கார்ந்து இரண்டையும் ஒட்டிவிட்டார்!

இன்னொன்றையும் பாருங்கள். சுவரில் சில ஓடுகள் பெயர்ந்திருக்கும். ‘இந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் பொக்கிஷத்தைக் காக்கத் தெரியாது’ என்று சொல்லாமல் சொல்கிற வேலை அது என்று கலை வரலாற்றாளர் லிண்டா நோக்லின் 1983-இல் எழுதினார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. மேற்கத்தியர் கீழை நாடுகளைச் சித்திரித்த விதத்தை விமர்சிக்கும் எட்வர்ட் சயீதின் ‘ஓரியண்டலிசம்’ நூலுக்கு இதே படம் அட்டையானது பொருத்தம்தான்.

கேள்வி: அந்தப்புரக் காட்சிகளையும் வரைந்தார்களே, இந்த ஐரோப்பிய ஓவியர்களை உள்ளே யார் விட்டார்கள்?

பதில்: யாரும் விடவில்லை. ஆங்கிலேய ஓவியர் ஜான் ஃபிரெட்ரிக் லூயிஸ் 1841 முதல் 1851 வரை கெய்ரோவில் உள்ளூர் பாணி வீட்டிலேயே குடியிருந்தார். அவரது பெண் உருவங்கள் பலவற்றுக்கு மாடல் அவர் மனைவி மரியன். 1873-இல் ‘வரவேற்பு’ என்ற படத்தை வரைந்தபோது ஊர் திரும்பி 22 வருஷம் ஆகிவிட்டது. அதில் பெண்கள் உட்கார்ந்திருப்பது ஆண் விருந்தாளிகளை வரவேற்கும் கூடம்! அறையின் கட்டுமானம் மட்டும் அச்சு அசல்.

கேள்வி: அதில் வெயில் சல்லடையாக விழுகிறதே, அந்த மரப் பின்னலுக்கு என்ன பெயர் அண்ணா?

பதில்: மஷ்ரபியா. சின்னச் சின்னக் கடைசல் துண்டுகளைக் கோத்தது. உள்ளிருப்பவர் தெருவைப் பார்க்கலாம், தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது. காற்று படுகிற இடமென்று தண்ணீர் ஜாடிகளையும் அங்கே வைப்பார்கள். பெயரே ‘குடிப்பது’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அப்புறம், லூயிஸ் அந்த நிழலை ஒரு புள்ளி விடாமல் வரைந்திருப்பார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: உள்ளூர்க்காரர் யாருமே வரையவில்லையா?

பதில்: ஏன் இல்லை? உஸ்மான் ஹம்தி பே, பாரிஸில் படித்த துருக்கியர். 1906-இல் அவர் வரைந்த ‘ஆமைப் பயிற்சியாளர்’ படத்தில், சிவப்பு அங்கி போட்ட கிழவர் கையில் புல்லாங்குழலோடு ஆமைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கிழவருக்கு மாடல் உஸ்மானேதான். இடம், பூர்சா நகரின் பச்சைப் பள்ளிவாசலில் ஒரு மாடி அறை. அங்கேயும் சுவர் பெயர்ந்துதான் இருக்கிறது. ஆனால் வரைந்தவர் இஸ்தான்புல் அருங்காட்சியகத்தின் இயக்குநர். தொல்பொருள்களை வெளிநாட்டுக்குக் கடத்தக்கூடாது என்ற 1884 சட்டம் அவர் முயற்சியில் வந்ததுதான்.