அரசுக் கல்லூரி என்றால் யாருடைய அரசு?

அமெரிக்காவின் சிறிய அரசுக் கல்லூரிகளைப் பற்றி மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இம்மாதம் பதில் தருகிறோம்.

கேள்வி: மகள் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதியிருக்கிறாள். அமெரிக்காவில் ‘பப்ளிக் லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்’ என்று சிறிய கல்லூரிகள் இருக்கின்றனவாம். அரசாங்கக் கல்லூரி, கட்டணம் குறைவு என்கிறாள். ஆனால் ஒரே கல்லூரிக்கு இரண்டு விதக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். அதில் எது எங்களுக்கு? வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர்.
(ஒரு தாய், சுங்கை சிப்புட்)

பதில்: அதிகமாக உள்ளதுதான் உங்களுக்கு, அம்மா. அங்கே ‘அரசு’ என்றால் அந்தந்த மாநில அரசு. மிசூரி மாநிலத்தில் வரி கட்டுகிறவர் பிள்ளைக்கு மிசூரி அரசு மானியம் தருகிறது. பக்கத்து மாநிலப் பிள்ளைக்கே பொதுவாக அது கிடையாது. நம் பிள்ளைக்கு எப்படிக் கிடைக்கும்? மாணவர் விசாவில் போகிறவர் எத்தனை வருடம் அங்கேயே தங்கிப் படித்தாலும் பொதுவாக ‘உள்மாநிலத்தவர்’ ஆக முடியாது. ‘ஒரு வருஷம் கழித்துக் கட்டணம் பாதியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடுவண் அரசின் கல்வி உதவியும் வெளிநாட்டு மாணவருக்கு இல்லை. ஆக, கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து என்ன தள்ளுபடி தருகிறது என்பது ஒன்றுதான் உங்கள் கணக்கைக் கூட்டும், குறைக்கும்.

முதலில் இந்தக் கல்லூரிகள் என்னவென்று பார்த்துவிடுவோம். இலக்கியம், வரலாறு, கணிதம், உயிரியல் என எல்லாவற்றிலும் கொஞ்சம் படித்து, பிறகு ஒரு துறையில் ஆழமாகப் போகும் நான்காண்டுப் பட்டப்படிப்புதான் லிபரல் ஆர்ட்ஸ். இதைச் சிறிய வகுப்புகளில் நடத்துவது பெரும்பாலும் பணக்காரத் தனியார் கல்லூரிகளே. அதே பாணியை அரசு செலவில் நடத்தும் கல்லூரிகள் 1987-இல் ‘காப்லாக்’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. இன்று சுமார் 30 கல்லூரிகள் அதில் இருக்கின்றன. மிசூரியில் ட்ரூமன், நியூயார்க் மாநிலத்தில் ஜெனிசியோ, மேரிலாந்தில் செயின்ட் மேரிஸ், மினசோட்டாவில் மோரிஸ், கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் ஆகியவை அவற்றுள் சில.

இப்போது கணக்கு. கல்லூரிக்குக் கல்லூரி தொகை மாறும். எப்படிப் போடுவது என்று காட்டவே இந்த எண்கள். ஓராண்டுக்கு வெளியார் கல்விக் கட்டணம் 20,000 டாலர். விடுதியும் சாப்பாடும் 13,000. மருத்துவக் காப்புறுதி 2,500. புத்தகம் 1,000. கைச்செலவு 2,500. மொத்தம் 39,000 டாலர். உபகாரச் சம்பளம் 8,000 கிடைத்தால் மிச்சம் 31,000. டாலருக்கு 4 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் ஆண்டுக்கு 124,000 வெள்ளி, நான்காண்டுக்கு 496,000. விமான டிக்கெட் இதில் சேரவில்லை. 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் ஏறக்குறைய 4.80 வெள்ளி வரை போனது. அந்த விலைக்கு இதே ஓராண்டுச் செலவு 148,800 வெள்ளி. கட்டணம் ஒரு காசு கூடாமலேயே 24,800 வெள்ளி ஏறிவிடுகிறது. கைவசம் சரியாக 124,000 வைத்துக்கொண்டு பிள்ளையை அனுப்பும் குடும்பம் இரண்டாம் ஆண்டில் தடுமாறுவது இதனால்தான். பத்து விழுக்காடாவது கூட வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

காப்புறுதியைப் பற்றித் தனியாக எழுதிக் கேளுங்கள். இங்கே எடுத்த காப்புறுதியைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. அவர்களுடைய திட்டத்தில்தான் சேர வேண்டும். குளிர்கால விடுமுறையில் விடுதியை மூடுவார்களா என்றும் கேளுங்கள். டிசம்பரில் மூன்று நான்கு வாரம் கதவைப் பூட்டிவிடும் விடுதிகள் உண்டு. அந்த நாள்களுக்கான தங்குமிடமும் சாப்பாடும் கட்டணப் பட்டியலில் இருக்காது.

வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். முதலாண்டில் பத்து மணி நேரம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவண் அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 30 வாரத்துக்கு 2,175 டாலர் வரும். கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது. விசாவுக்குப் பண ஆதாரமாகவும் அதைக் காட்ட முடியாது.

கேள்வி: ஈப்போவில் உள்ள முகவர் ஒருவர் ‘32,000 டாலர் உபகாரச் சம்பளம் உறுதி’ என்று சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
(ஒரு தந்தை, சுங்கை சிப்புட்)

பதில்: கொடுக்காதீர்கள், ஐயா. 32,000 என்பது பெரும்பாலும் நான்காண்டுக்கான கூட்டுத்தொகைதான். ஆண்டுக்கு 8,000. அதுவும் கல்லூரியின் இணையப் பக்கத்திலேயே ‘இத்தனை மதிப்பெண்ணுக்கு இத்தனை’ என்று எல்லாருக்கும் போட்டிருக்கும் தொகையாகவே இருக்கும். முகவர் வாங்கித் தருவதல்ல. கல்லூரியின் கடிதத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: தொகை ஆண்டுக்கா மொத்தத்துக்கா, எத்தனை பருவம் வரை, எந்தச் சராசரிக்குக் கீழே போனால் நின்றுவிடும். நான்குக்கு 3.0 சராசரி கேட்பவர்களும் உண்டு, அதற்கு மேல் கேட்பவர்களும் உண்டு. முதல் பருவத்தில் புது ஊர், புது மொழிநடை, குளிர் என்று பிள்ளை தடுமாறும் நேரம். அப்போது 2.9 வந்தால் பணம் உடனே நிற்குமா, ஒரு பருவம் அவகாசம் தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்லூரி உண்மையில் வெளிநாட்டு மாணவருக்குக் கொடுக்கிறதா என்பதை நீங்களே பார்க்க வழி இருக்கிறது. கல்லூரியின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று சேர்த்துத் தேடுங்கள். பல கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் ஒரே மாதிரியான படிவம் அது. அதில் எச் 6 என்ற கேள்விக்குப் போங்கள். வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்குக் கல்லூரி தன் பணத்திலிருந்து உதவியது, சராசரி எவ்வளவு என்று அங்கே இருக்கும். அந்தக் கட்டம் காலியாகவோ சராசரி சிறியதாகவோ இருந்தால் முகவர் பேச்சை அதோடு விட்டுவிடலாம். கோலாலம்பூரில் ‘மேசி’ எனப்படும் மலேசிய–அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் 1963 முதல் இருக்கிறது. அங்குள்ள ‘எஜுகேஷன் யு.எஸ்.ஏ.’ ஆலோசகர்கள் காசு வாங்காமல் வழி சொல்வார்கள்.

கேள்வி: எஸ்.பி.எம். மட்டும் போதுமா, ஆறாம் படிவம் முடிக்க வேண்டுமா? இடம் கிடைப்பது கஷ்டமா?
(படிவம் 5 மாணவர், சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, இந்த வகைக் கல்லூரிகளில் பல, விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. இடம் பெரிய சிக்கல் இல்லை. சேர்ந்த பிறகு பணம்தான் சிக்கல். எஸ்.பி.எம்.-ஐ மட்டும் ஏற்கும் கல்லூரிகள் இருக்கின்றன, பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு கேட்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. எங்கள் யோசனை: வீட்டில் பண வசதி குறைவு என்றால் ஆறாம் படிவம் போங்கள். ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். பாடங்களுக்குக் கிரெடிட், அதாவது பட்டத்துக்கான பாட அலகு, தரும் கல்லூரிகள் உண்டு. பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் தேவை. 15 கிடைத்தால் ஒரு பருவம் மிச்சம். மேலே போட்ட கணக்குப்படி அது 15,500 டாலர்.

நேரக் கணக்கில்தான் நம் பிள்ளைகள் தவறுகிறார்கள். அங்கே வகுப்பு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். உபகாரச் சம்பளத்துக்கான கெடு அதற்கு முந்திய நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் முடிந்துவிடும். எஸ்.பி.எம். முடிவு வருவதோ அதற்குப் பிறகு. முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் இடம் கிடைக்கும், பணம் கிடைக்காது. ஆகவே படிவம் 4, 5 பள்ளி மதிப்பெண்களையும் முன்னோட்டத் தேர்வு முடிவையும் வைத்து முன்கூட்டியே விண்ணப்பியுங்கள், எஸ்.பி.எம். முடிவைப் பிறகு அனுப்பலாம். மதிப்பெண் அறிக்கை மலாயில் இருக்கும். அதைச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்போடு அனுப்ப வேண்டும். மலேசிய மொழிபெயர்ப்பு, புத்தகக் கழகம் அதைச் செய்து தருகிறது. அதற்கு நாள் பிடிக்கும். பரிந்துரைக் கடிதம் கொடுக்கும் ஆசிரியரிடம் பள்ளி விடுமுறைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். மலேசிய ஆங்கிலத் தேர்வான மூயெட் பெரும்பாலும் செல்லாது. ஐயெல்ட்ஸ், டோஃபெல், டுவோலிங்கோ ஆகியவற்றுள் எதை ஏற்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: என் பெயரில் ‘ஏ/பி’ (இன்னார் மகள்) இருக்கிறது. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடலாமா?
(ஆறாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்)

பதில்: நல்ல கேள்வி. இதை யாரும் கேட்பதில்லை; கேட்காமல் போடுகிறவர்கள்தான் விசா நேரத்தில் அலைகிறார்கள். சேர்க்கை விண்ணப்பத்தில் ஒரு மாதிரி, ஐயெல்ட்ஸில் ஒரு மாதிரி, விசா படிவத்தில் ஒரு மாதிரி என்று பெயர் மூன்றாகப் பிரிந்தால் மூன்று ஆள் போலத் தெரியும்.

உங்கள் கடப்பிதழைத் திறந்து, படம் உள்ள பக்கத்தின் அடியைப் பாருங்கள். பெரிய எழுத்தும் அம்புமுனைக் குறிகளுமாக இரண்டு வரி இருக்கும். மேல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்குப் பின் பெயர் தொடங்கும். அமெரிக்க மாணவர் பதிவேடான செவிஸ் இந்த வரியைத்தான் பின்பற்றுகிறது. பெயரின் நடுவே இரண்டு அம்புமுனை சேர்ந்து வந்தால், அதற்கு முன்னால் உள்ளது குடும்பப் பெயர், பின்னால் உள்ளது சொந்தப் பெயர். ஒற்றை அம்புமுனை வெறும் இடைவெளி. பெயர் முழுவதும் ஒற்றைக் குறிகளோடு வந்து, முடிந்த பிறகே குறிகள் வரிசையாக நின்றால், முழுப் பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போகும். அப்போது டிஎஸ்-160 விசா படிவத்தில் சொந்தப் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று போட வேண்டும். சொந்தப் பெயர் தனியாக இல்லை என்பதற்கான குறி அது. சாய்கோட்டை அந்தப் படிவங்கள் ஏற்காது. விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தைக் கல்லூரி அனுப்பியதும் முதலில் சரிபார்க்க வேண்டியது பெயரைத்தான். தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அதன் பிறகே 350 டாலர் செவிஸ் கட்டணத்தையும் 185 டாலர் விசா விண்ணப்பக் கட்டணத்தையும் கட்டுங்கள்.

கேள்வி: அங்கே நம் ஆள்கள் இருப்பார்களா? பிள்ளை தனியாகிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.
(ஒரு பாட்டி, பேத்தி எழுதித் தந்த கடிதம்)

பதில்: பயம் நியாயமானதுதான், பாட்டி. இந்தக் கல்லூரிகளில் பெரும்பாலானவர்கள் அந்தந்த மாநிலப் பிள்ளைகள், அதிலும் பல இடங்களில் பெண்களே அதிகம். வெளிநாட்டினர் கொஞ்சம்தான். காமன் டேட்டா செட்டில் பி 2 என்ற அட்டவணையைப் பேத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘ஆசியர்’ என்ற வரியில் உள்ளவர்கள் அமெரிக்காவிலேயே வாழும் ஆசிய வம்சாவளியினர். நம் பிள்ளை சேருவது ‘நான்ரெசிடென்ட்’ என்ற வரியில். அதில் ஒற்றை இலக்கம் இருந்தால் ஊரே புதிதாக இருக்கும்; நாற்பது ஐம்பது பேர் இருந்தால் அவர்களுக்கென்று ஓர் அலுவலகமும் துணையும் இருக்கும். பி 22-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள். முதலாண்டு சேர்ந்தவர்களில் எத்தனை விழுக்காட்டினர் இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பி வந்தார்கள் என்று அதில் இருக்கும். பிள்ளைகள் அங்கே நிலைக்கிறார்களா என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு வரலாறு உண்டு. மோரிஸ், ஃபோர்ட் லூயிஸ் இரண்டும் ஒருகாலத்தில் பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளோடு தொடர்புடையவை. அந்த நிலம் மாநிலத்துக்குக் கைமாறியபோது, மோரிஸில் 1909-இலும் ஃபோர்ட் லூயிஸில் 1911-இலும், பூர்வகுடி மாணவருக்குக் கல்விக் கட்டணம் கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். இன்றும் அது நடப்பில் இருக்கிறது. அதனால் மாணவரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பூர்வகுடியினர். பாட்டன் பூட்டன் வேர்விட்ட இடத்தை விட்டு நகர்ந்த கதை தோட்டத்துப் பிள்ளைக்குப் புதிதல்ல. அங்கே பேச ஆள் கிடைக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம். ஆனால் மோரிஸ் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழும் ஊர், ஜனவரியில் உறைநிலைக்கு வெகு கீழே போகும். குளிருடுப்புக்குத் தனியாகக் காசு ஒதுக்க வேண்டும்.

கேள்வி: ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்கலாமா?
(அதே தந்தை)

பதில்: எடுக்கலாம். கல்விக்கென்று எடுப்பது சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து. 2024 மே முதல் புதிய சந்தாவில் 15 விழுக்காடுதான் அதில் சேருகிறது. இடம் கிடைத்த கடிதமும் கட்டண ரசீதும் கேட்பார்கள். அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். உள்நாட்டுப் படிப்புக்குத்தான்; அமெரிக்காவுக்கு அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: இதே மாதிரிப் படிப்பு இங்கே பக்கத்தில் இல்லையா?
(ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்)

பதில்: சிங்கப்பூரில் இருந்த யேல்–என்.யு.எஸ். கல்லூரி 2025-இல் கடைசி அணியை அனுப்பிவிட்டு மூடிவிட்டது. உள்நாட்டில் அதற்கு நெருக்கமானது மலாயாப் பல்கலைக்கழகத்தின் கலை, சமூகவியல் புலம். 1956-இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறை அதில்தான் இருக்கிறது. எஸ்.டி.பி.எம். வழியே போகிறவருக்கு யு.பி.யு. எனப்படும் அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் 90 விழுக்காடு தேர்வுப் புள்ளி, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. அந்தப் பத்தில் கோட்டைவிடும் பிள்ளைகள் நம்மில் அதிகம். மன்றத்தில் செயலாளராகவோ பொருளாளராகவோ இருந்ததற்கான சான்றிதழை வாங்கி வைக்காததுதான் காரணம். உங்கள் பள்ளியில் அதைப் பருவ முடிவிலேயே அச்சிட்டு, முதல்வர் கையெழுத்தோடு ஒவ்வொரு மாணவருக்கும் கொடுத்துவிடுங்கள். அமெரிக்க விண்ணப்பத்துக்கும் அதே தாள்தான் வேண்டும்.