டைட்டானியமா, ஸ்டீலா? (கடிதம்)

வணக்கம் சார்,

கைக்கடிகாரங்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு 52 வயது. வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல வாட்ச் வாங்கிவிட வேண்டும் என்று ஆறு வருடமாகப் பணம் சேர்த்தேன். கடைசியில் டூடர் என்ற சுவிஸ் நிறுவனத்தின் பிளாக் பே 58, பெலகோஸ் 39 இரண்டில் ஒன்று என்று வந்து நிற்கிறேன். முதலாவது ஸ்டீல், இரண்டாவது டைட்டானியம். கடையில், “டைட்டானியம் ஸ்டீலைவிட உறுதி சார், கீறலே விழாது” என்றார்கள். கூட வந்த என் தம்பி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு காசுக்கு பிளாஸ்டிக் மாதிரி இருக்கே” என்றான். வெயில் காலத்தில் செயின் வாட்ச் கட்டினால் எனக்கு மணிக்கட்டில் அரிப்பு வரும். பிற்பாடு மகளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. எதை வாங்கலாம்?

கே.

அன்புள்ள கே,

ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. இரண்டும் 39 மில்லிமீட்டர், இரண்டும் 200 மீட்டர் ஆழம் தாங்குபவை, உள்ளே ஓடும் இயந்திரமும் ஒரே குடும்பம். ஆகவே உங்கள் கேள்வி கிட்டத்தட்ட முழுக்க உலோகத்தைப் பற்றியதுதான்.

முதலில் அந்தக் கீறல் விஷயம். கடைக்காரர் சொன்னதை நம்பாதீர்கள். வளைத்தால், இழுத்தால் தாங்குவது ஒன்று. மேற்பரப்பில் கீறல் விழாமல் இருப்பது வேறொன்று. இரண்டையும் ‘உறுதி’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். டைட்டானியத்தின் பெருமை, எடைக்கு எடை பார்த்தால் அது காட்டும் வலிமை. விமானங்களுக்கு அது போனது அதனால்தான். பெலகோஸ் 39-இல் இருப்பது கிரேடு 2, அதாவது ஏறக்குறைய கலப்பில்லாத டைட்டானியம். விக்கர்ஸ் கடினத்தன்மை அளவில் (எண் கூடினால் கடினமும் கூடும்) அது 150-ஐ ஒட்டி நிற்கும். பிளாக் பேயில் இருக்கும் 316எல் ரக ஸ்டீலும் அதே அக்கம்பக்கம்தான். சாவிக்கொத்தும் மேஜை விளிம்பும் இரண்டையும் ஒரே மாதிரி கீறும். 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த கிரேடு 5 வேறு ரகம், அது 350 வரை போகும். சிட்டிசன் நிறுவனம் டைட்டானியத்தின் மேற்பரப்பை மட்டும் தனியாகக் கடினப்படுத்தி 1000-ஐத் தாண்ட வைக்கிறது. ஆகவே கடையில் “டைட்டானியமா?” என்று கேட்டு நிறுத்திவிடாமல், என்ன கிரேடு, மேற்பரப்புக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

என்னிடம் ஒரு கிரேடு 2 வாட்ச் இருக்கிறது, கட்ட ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. வாங்கிய இரண்டாம் மாதமே மாடிப்படிச் சுவரில் உரசி, கேஸின், அதாவது வாட்சின் உலோக உடலின், இடது பக்கத்தில் நகத்தின் நீளத்துக்கு ஒரு கோடு விழுந்தது. சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளி மாதிரி பளிச்சென்று தெரியும். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது அந்தக் கோட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காற்றுப் பட்டதுமே டைட்டானியத்தின் மேல் ஓர் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். பிறகு அன்றாடத் தேய்மானமும் சின்னச் சின்னக் கீறல்களும் சேர்ந்து அந்தப் பழைய கோட்டைத் தங்களோடு கலந்துகொண்டன. அந்த மங்கல் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் அதே வாட்சை ஒருமுறை பழுதுபார்க்கக் கொடுத்தபோது, கேட்காமலேயே பாலிஷ் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மேற்பரப்பில் இழைத்திருந்த மெல்லிய பட்டைக்கோடுகள் அழிந்து, செயின் லாக்கின் ஓரம் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கிப் போயிருந்தது. டைட்டானியம் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தாது. பாலிஷ் சக்கரத்தில் வைத்தால் சூடேறி, சக்கரத்தோடு இழுபடும். அதற்கென்று பழகிய கை வேண்டும். ஸ்டீலுக்கு அப்படிப் பழகிய கை பரவலாகக் கிடைக்கும். தேர்ந்தவர் கையில் கொடுத்தால், மினுமினுக்கும் விளிம்பையும் அதை ஒட்டிய பட்டைக்கோட்டுப் பரப்பையும் புதிதுபோல மீட்டுத் தருவார். பிளாக் பே 58-இல் அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

உங்கள் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்தைத் தூக்கிப் பார்த்து, “நல்ல கனம்” என்று சொல்லி வாங்குகிறவர்கள் நாம். ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் ஏறக்குறைய 8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம். பழகாத கைக்கு அது ஏமாற்றமாகத்தான் படும். ஆனால் இதே சந்தேகத்தை ஸ்டீலும் தாண்டித்தான் வந்திருக்கிறது. 1972-இல் ஆதமார் பிகே நிறுவனம் ராயல் ஓக் என்ற வாட்சை ஸ்டீலில் செய்து, தங்க வாட்சுக்குக் கேட்கிற விலையைக் கேட்டபோது வாட்ச் உலகமே புருவம் உயர்த்தியது. டைட்டானியமும் நேற்று வந்ததல்ல. 1970-இலேயே சிட்டிசன் எக்ஸ்-8 வந்துவிட்டது. 1980-இல் ஐடபிள்யூசி நிறுவனம், போர்ஷே டிசைனோடு சேர்ந்து டைட்டானிய குரோனோகிராஃபை (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள வாட்ச்) கொண்டுவந்தது.

விலைக்குக் காரணம் அந்த உலோகம் அரிதானது என்பதல்ல. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கும் இல்மனைட் டைட்டானியத்தின் தாதுதான். சிக்கலெல்லாம் அதைப் பிரிப்பதில். டைட்டானியம் ஆக்சிஜனை லேசில் விடாது. முதலில் குளோரினோடு சேர்த்து, பிறகு காற்றுப் புகாத கலனில் மக்னீசியத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். அப்புறம் கடைசல் வேலை. அங்கேயும் சூடு வெளியேறாமல் வெட்டும் முனையிலேயே தங்கி, கருவியைச் சீக்கிரம் தேய்த்துவிடும்.

சரி, உங்கள் அரிப்புக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயம் இது. முடிவு இதில்தான் இருக்கிறது. 316எல் ஸ்டீலில் 10 முதல் 14 சதவீதம் நிக்கல் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது ஒன்றும் செய்யாது, உலோகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்கு, வியர்வையில் கசிகிற துளியே போதும். ஜீன்ஸ் பித்தானோ பெல்ட் பக்கிளோ வயிற்றில் படும் இடத்தில் எப்போதாவது சிவந்து அரித்திருக்கிறதா? அப்படியென்றால் நிக்கலைச் சந்தேகப்படலாம். செயின் வாட்சில் மட்டும், அதுவும் வெயிலில் மட்டும் வருகிறதென்றால், கண்ணிகளுக்குள் தங்கும் வியர்வையும் சோப்பும்கூடக் காரணமாக இருக்கலாம். ஊகித்துக்கொண்டிருக்காமல் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்து பேட்ச் டெஸ்ட் (தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை) செய்துகொள்ளுங்கள். ஆறு வருடச் சேமிப்பைக் கொட்டும் முன் சில நாள் காத்திருப்பது பெரிதில்லை.

நிக்கல்தான் என்று தெரிந்தால் பேச்சே இல்லை, பெலகோஸ் 39. அப்போதும் பின்மூடி, லாக் எல்லாம் என்ன உலோகம் என்று கேட்டு வாங்குங்கள். பழைய 42 மில்லிமீட்டர் பெலகோஸில் பின்மூடி ஸ்டீல். தோலில் படுவதே அதுதான்.

நிக்கல் இல்லையென்றால் நான் பிளாக் பே 58-ஐத்தான் சொல்வேன், உங்கள் மகளை நினைத்து. இருபது வருடம் கழித்து அவர் அதை எந்த ஊரில் கட்டியிருந்தாலும், ஸ்டீலைச் சரிசெய்யத் தெரிந்தவர் அங்கே இருப்பார். டைட்டானியத்துக்கு அந்த உத்தரவாதத்தை என்னால் இன்று தர முடியவில்லை. ஒரே ஒரு விஷயம், அவருக்கு கனம் பிடிக்காமல் இருக்கலாம். ஆகவே அடுத்த தடவை தம்பிக்குப் பதில் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். செயினை அவர் கைக்கு அளவாக வைக்கச் சொல்லி, இரண்டையும் அரை மணி நேரம் கட்டியிருக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறு கடை பார்க்கலாம்.

பேட்ச் டெஸ்ட் முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.