அப்பச்சிக்குக் கிண்டிலா, புத்தகமா?

கண்புரை அறுவைக்குப் பிறகும் அப்பச்சிக்குச் சின்ன எழுத்து சிரமமாக இருக்கிறது, மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் வாங்கலாமா, தேவகோட்டை வீட்டு மச்சில் கிடக்கும் ஐயா காலத்துப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கிண்டில் வாங்குங்கள். 2016 முதல் தமிழ் நூல்களும் கிடைக்கின்றன. எங்கள் ஆயா வளவில் தூணோரம் உட்கார்ந்து, பக்கத்துக்குப் பத்து வரிதான் வரும்படி எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படிக்கிறார்கள். பகல் வெளிச்சத்திலும் திரை கூசாது. ஆனால் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் உள்ள பழைய நூல்கள் பெரும்பாலும் பக்கப் படங்கள். எழுத்து மட்டும் பெரிதாகாது, பக்கமே பெரிதாகும். ஆறு அங்குலத் திரையில் இழுத்து இழுத்துப் படிப்பதற்குள் பொறுமை போய்விடும். அதற்குப் பத்து அங்குல டேப்லெட்தான் சரி.

எடைக்கு மட்டும் போடாதீர்கள். நம்ம கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்ததுதான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக ஆனது. முதலில் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள்; அங்கே இல்லாத தலைப்புகளைத் தனியே எடுத்துவைத்து ரோஜா முத்தையா நூலகத்தாரிடம் கேளுங்கள். மச்சிலிருந்து இறக்கும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள், நான் மூன்று நாள் தும்மினேன்.