வாசகர் கேள்வி-பதில்: ஒரு நெட்வொர்க் கார்டு, பல ஐபி முகவரிகள்

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் விண்டோஸ் சர்வரில் ஒரே ஒரு நெட்வொர்க் கார்டு உள்ளது, அதன் முகவரி 192.168.1.10. அதில் மைக்ரோசாஃப்டின் வலைத்தளச் சேவை மென்பொருளான ஐஐஎஸ் இயங்குகிறது. மற்றொரு வலைத்தளச் சேவை மென்பொருளான அப்பாச்சியோடு வரும் இன்னொரு மென்பொருளையும் அதே கணினியில் நிறுவ வேண்டியுள்ளது. இரண்டுக்கும் பாதுகாப்பான வலைத்தள இணைப்புகளுக்கான 443-ஆம் போர்ட் வேண்டும்; ஒரே முகவரியில் இரண்டும் அதைப் பகிர முடியாது. இரண்டாவது முகவரிக்காக இன்னொரு கார்டு வாங்கத்தான் வேண்டுமா? ஒரே கார்டில் இரண்டு முகவரிகள் இருந்தால் வேகம் குறையாதா?

பதில்: கார்டு வாங்கத் தேவையில்லை. ஐபி முகவரி கார்டுக்குள் பொறிக்கப்பட்ட ஒன்றன்று. இயங்குதளம் அந்தக் கார்டின் பெயரில் வைத்திருக்கும் பட்டியலில் உள்ள ஒரு பதிவுதான் அது. கார்டுக்கே உரியது மேக் முகவரி என்ற வன்பொருள் அடையாள எண். வலையிலுள்ள வேறொரு கணினி ‘192.168.1.11 யாரிடம் இருக்கிறது?’ என்று, ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கண்டறியும் ஏஆர்பி முறை வழியாகக் கேட்கும்போது, அந்த முகவரி தன் பட்டியலில் இருந்தால் உங்கள் சர்வர் தன் மேக் முகவரியைப் பதிலாக அனுப்பும்; 192.168.1.10 குறித்துக் கேட்டாலும் அதே மேக் முகவரிதான் போகும். முகவரியைக் கூட்டுவதால் கார்டின் வேகம் குறைவதுமில்லை, கூடுவதுமில்லை.

விண்டோஸில் அந்த இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4 என்பதைத் தேர்ந்தெடுத்து, அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் புதிய முகவரியையும், அது எந்த வலைப்பிரிவைச் (சப்நெட்) சேர்ந்தது என்று காட்டும் சப்நெட் மாஸ்க்கையும் சேர்க்கலாம். முதல் முகவரி, கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஹெச்சிபி மூலம் வந்ததாக இருந்தால் அங்கே சேர்க்க இயலாது. முதலில் அதை நிலையான முகவரியாக மாற்றிக்கொள்ளுங்கள். புதிய முகவரி, டிஹெச்சிபி சர்வர் மற்றவர்களுக்கு வழங்கும் வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால், என்றோ ஒருநாள் வேறொரு கணினிக்கும் அதே முகவரி போய்ச் சேர்ந்து முகவரி மோதல் ஏற்படும்.

முகவரியைச் சேர்த்த பிறகும் அப்பாச்சி தொடங்க மறுக்கக்கூடும். ஐஐஎஸ் தளத்தை 192.168.1.10-க்கு மட்டும் என்று அமைத்திருந்தாலும், அதன் அடியில் இயங்கும் ஹெச்டிடிபி சேவை அந்தப் போர்ட்டைக் கணினியின் எல்லா முகவரிகளிலும் பிடித்து வைத்துக்கொள்வதே இதற்குக் காரணம். நெட்எஸ்ஹெச் கட்டளையின் ஹெச்டிடிபி பிரிவிலுள்ள ஐபிலிஸன் பட்டியலில் 192.168.1.10-ஐ மட்டும் சேர்த்து, அந்தச் சேவையை மறுபடி தொடங்கினால் புதிய முகவரியின் போர்ட் விடுபடும். அப்பாச்சியின் அமைப்புக் கோப்பிலும் லிஸன் வரியில் வெறும் 443 என்று விடாமல், 192.168.1.11:443 என்று முழுமையாக எழுதுங்கள்.

இரண்டு தளங்களும் ஐஐஎஸ்ஸிலேயே இயங்குவனவாக இருந்தால், இரண்டாவது முகவரியே தேவைப்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்பு ஒவ்வொரு பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தனி ஐபி முகவரி வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் இணைப்பு தொடங்கும்போதே பிரவுசர் தளத்தின் பெயரைத் தெரிவிக்கும் எஸ்என்ஐ முறையை, விண்டோஸ் சர்வர் 2012-உடன் வந்த ஐஐஎஸ் 8 முதல் பயன்படுத்த முடிகிறது.

கேள்வி: எங்கள் விண்டோஸ் சர்வரின் முகவரி 192.168.1.130, வெளி வலைகளுக்குச் செல்லும் வாயிலான கேட்வே 192.168.1.1. கடந்த வாரம் 192.168.1.20 என்ற முகவரியையும் அதே கார்டில் சேர்த்தேன். அன்றிலிருந்து கிளை அலுவலகத்தின் டேட்டாபேஸ் சர்வர் எங்கள் இணைப்புகளை மறுக்கிறது. அதன் ஃபயர்வாலில் 130-க்குத்தான் அனுமதி உள்ளது; அந்த முகவரியை நாங்கள் நீக்கவேயில்லையே?

பதில்: பழைய முகவரி இருக்கிறது, ஆனால் உங்கள் சர்வர் வெளியே புறப்படும்போது இப்போது அதைப் பயன்படுத்துவதில்லை. பல முகவரிகளைக் கொடுக்கும் பலர் யோசிக்கத் தவறும் இடம் இதுதான். உள்ளே வரும் இணைப்பில் எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே பதில் போகும், குழப்பமில்லை. சர்வர் தானாக ஓர் இணைப்பைத் தொடங்கும்போதுதான், எந்த முகவரியை அனுப்புநர் முகவரியாக இடுவது என்று இயங்குதளம் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

விண்டோஸ் விஸ்டா, சர்வர் 2008 ஆகியவற்றிலிருந்து, எது முதலில் சேர்க்கப்பட்டது என்பது இதில் கணக்கில் வராது. அடுத்து போய்ச் சேர வேண்டிய முகவரியோடு, அதாவது உங்கள் நிலையில் கேட்வேயோடு, இடப்பக்கத்திலிருந்து அதிக பிட்டுகள் ஒத்துப்போகும் முகவரியே தேர்வாகும். கடைசி எண்களை இரும எண்ணாக எழுதிப் பாருங்கள்: கேட்வேயின் 1 என்பது 00000001, 130 என்பது 10000010, 20 என்பது 00010100. 130 முதல் பிட்டிலேயே வேறுபட்டுவிடுகிறது. 20-க்கோ முதல் மூன்று பிட்டுகள் ஒத்துப்போகின்றன. ஆகவே 192.168.1.20 வென்றுவிட்டது. நீங்கள் 192.168.1.140 என்று ஒன்றைச் சேர்த்திருந்தால், பிட் ஒப்பீட்டில் இரண்டும் சமமாகவே நின்றிருக்கும்.

கிளை அலுவலக ஃபயர்வாலில் 20-ஐயும் அனுமதிப்பது எளிய வழிதான். ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் நாளை மூன்றாவது முகவரி ஒன்று சேர்ந்தால் இதே சிக்கல் திரும்பவும் வரும். மாறாக, விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் 192.168.1.20-க்கு ஸ்கிப் ஆஸ் சோர்ஸ் என்ற குறியை இட்டுவிடுங்கள். அந்த முகவரிக்கு வரும் இணைப்புகள் வழக்கம்போல் ஏற்கப்படும். புறப்படும் இணைப்புகளுக்கு மட்டும் அது தேர்வாகாது. அந்தக் குறி இடப்பட்ட முகவரியை, பெயர்களை முகவரிகளோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸிலும் விண்டோஸ் தானாகப் பதியாது என்பதால், அதற்கு ஒரு பெயர் வேண்டுமானால் நீங்களே கையால் பதிய வேண்டும்.

லினக்ஸில் விதி வேறு. ஒரே சப்நெட்டில் முதலில் சேர்த்த முகவரி முதன்மையாகவும், பின்னர் சேர்ப்பவை இரண்டாம் நிலையாகவும் கொள்ளப்படும். பாதையைக் குறிக்கும் ரூட்டிங் பதிவில் வேறு முகவரியைக் குறிப்பிடாத வரை முதன்மையே வெளியே போகும். ஆனால் அந்த முதன்மை முகவரியை நீக்கினால், ப்ரமோட் செகண்டரீஸ் என்ற கெர்னல் அமைப்பு இயக்கப்படாத நிலையில், மற்றவையும் சேர்ந்தே நீங்கிவிடும். தொலைவிலிருந்து சர்வரில் நுழைந்து வேலை செய்பவர்கள் நீக்கும் முன் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஐபி கட்டளையால் சேர்த்த முகவரி மறுதொடக்கத்தில் மறைந்துவிடும் என்பதால், வலை அமைப்புகளை நிலையாக வைத்திருக்கும் நெட்பிளான் அல்லது நெட்வொர்க் மேனேஜரின் அமைப்பிலும் அதை எழுதி வையுங்கள்.

கேள்வி: ஒரே கார்டில் 192.168.1.10, 10.0.0.10 என இரு வேறு சப்நெட்டுகளின் முகவரிகளைக் கொடுக்கலாமா? இப்படிச் செய்தால் இரண்டு வலைகளும் ஒன்றிலிருந்து ஒன்று பாதுகாப்பாகப் பிரிந்திருக்குமா?

பதில்: கொடுக்கலாம், புதிதாக வாங்கிய சாதனம் வேறு சப்நெட்டின் முகவரியோடு வந்திருக்கும்போது, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்க இது மிகவும் கைகொடுக்கும். டிஃபால்ட் கேட்வேயை மட்டும் ஒன்றாகவே வைத்திருங்கள். பாதுகாப்பு கிடைக்காது. இரு சப்நெட்டுகளும் ஒரே கம்பியில், ஒரே ஸ்விட்சில் ஓடுவதால், ஒரு பக்கத்தில் இருப்பவர் தன் கணினிக்கு மறுபக்கத்தின் முகவரி ஒன்றைக் கொடுத்துக்கொண்டாலே உள்ளே வந்துவிடலாம். உண்மையான பிரிவு வேண்டுமானால் ஸ்விட்சில், அதைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் விலான் அமைத்து, இரண்டுக்கும் இடையிலான போக்குவரத்தை ஃபயர்வால் வழியாகச் செலுத்த வேண்டும், விலான்களை அடையாளமிட்டு அனுப்பும் 802.1க்யூ முறையைக் கார்டு ஆதரித்தால் அதற்கும் ஒரே கார்டு போதும்.