'உ'வில் தொடங்கும் ஜப்பானியப் பாடல்கள் சிதறிக் கிடப்பது பற்றி

நண்பரே, இசைச் செயலியில் 'உ'வில் தொடங்கும் ஜப்பானியப் பாடல்களைத் தேடினால் 'உசாகி' (முயல்) மட்டும்தான் கிடைக்கிறது, 'சுகியாகி' என்ற பாடலின் ஜப்பானியப் பெயரும் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

சுகியாகி என்பது மாட்டிறைச்சிப் பண்டம். பாடலில் அந்தச் சொல்லே வராது, வெளிநாட்டு விற்பனைக்காக ஒட்டிய பெயர். சகாமோட்டோ கியூ 1961-இல் பாடியபோது அது 'உஎ ஒ முய்தே அருகோ', அதாவது 'மேலே பார்த்தபடி நடப்போம்'. கண்ணீர் சிந்திவிடாமல் இருக்கத்தான் அப்படி நடக்கிறார்! 1963-இல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் 3 வாரம் முதலிடம். இவ்வளவு அழகான தலைப்பு மறைந்துபோனதில் எனக்கு இன்றும் வருத்தம்.

சரி, வரிசைக்கு வருவோம். 'உஎ', 'உமி' (கடல்) இரண்டையும் 'காஞ்சி' எனும் சீன வழி எழுத்துகளில் எழுதுவதால் பல செயலிகள் ஒலியைப் பார்ப்பதில்லை. வரிசைப் பெயருக்கான கட்டத்தில் உச்சரிப்பை ஹிரகனாவில் (ஒலியைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்து) நிரப்புங்கள், மூன்றும் சேர்ந்துவிடும்.

அப்புறம், 'உமி' என்ற பெயரில் இரண்டு பள்ளிப் பாடல்கள் உண்டு, 1913-இல் ஒன்று, 1941-இல் ஒன்று. ஆண்டையும் குறித்துவையுங்கள்.