காஞ்சிபுரத்தைக் காலையில் வையுங்கள்

வணக்கம். எழுபதைத் தாண்டிய அப்பா அம்மாவோடு சென்னையிலிருந்து தனி கார், வழிகாட்டி வைத்து ஒரே நாளில் இரண்டு ஊர் பார்க்க வேண்டும். ஏஜென்ட் காலையில் மாமல்லபுரம், மதியம் காஞ்சிபுரம் என்று போட்டுக் கொடுத்திருக்கிறார், சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். வராது. தயவுசெய்து மாற்றச் சொல்லுங்கள். காஞ்சியில் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தினால் நான்கு மணியை ஒட்டித்தான் திறப்பார்கள். பெரியவர்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் வெயிலில் நிற்க வேண்டியிருக்கும்.

காலை ஆறு மணிக்கே கிளம்பி நேராகக் கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய மணற்கல் கோயில், சுமார் 1300 வருடப் பழமை. மதிலை ஒட்டி வரிசையாக இருக்கும் சின்னச் சன்னதிகளுக்குள் குனிந்து பாருங்கள். பழைய ஓவியத்தின் நிறம் அங்கங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்த இடம் அதுதான்.

மாமல்லபுரத்துக்கு மூன்றரைக்குள் வந்துவிடுங்கள், ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் இரண்டுக்கும் ஒரே டிக்கெட். அர்ச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பத்தில், முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் அம்மாவுக்குக் காட்டுங்கள்.

அப்புறம், டிரைவரே வழிகாட்டியா, தனி ஆள் வருவாரா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.